வளவில் கிடைத்த பழங்காசு: இனங்காண்பதும் போலியைப் பிரித்தறிவதும்

வன்னியில் பழங்காசு, அதைத் தேடிப் போகிறவரைவிட வேறு வேலையாகப் போகிறவரின் கண்ணில்தான் அதிகம் படுகிறது. மாரி மழை வடிந்த பின் குளத்தின் அலைகரையில், உழவு இயந்திரம் புரட்டிப்போட்ட வயலில், கிணறு வெட்டி எறிந்த மண்மேட்டில், சில வேளை வீதி போடுவதற்கு டிப்பரில் கொண்டுவந்து கொட்டிய கிறவலில், பச்சை படர்ந்த ஒரு சின்ன வட்டத் தகடு கிடக்கும். எடுத்தவர் அதைச் சாரத்தில் துடைப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேசிக்காயால் தேய்ப்பார். மறுநாள் சந்திக் கடையில் காட்டுவார். அங்கே ஒருவர் சோழன் காசு என்பார், மற்றவர் இலட்சக்கணக்கில் போகும் என்பார். இந்த வரிசையில் ஒன்றுகூடச் சரியில்லை. எந்த வரிசையில் பார்த்தால் அந்தக் காசின் காலத்தையும், அது உண்மையில் பழையதா அண்மையில் வார்த்ததா என்பதையும் ஓரளவு நிச்சயத்தோடு சொல்லலாம் என்பதை, பிறர் கொண்டுவந்து காட்டிய காசுகளைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் பழக்கத்தில் இங்கே எழுதுகிறேன்.

தோண்டுவதற்கு முன்

மேலே கிடப்பதை எடுப்பது வேறு. அதற்குக் கீழே இன்னும் இருக்கும் என்று மண்வெட்டி போடுவது வேறு. எங்கள் மண்ணில் உலோகம் ஒன்று தட்டுப்பட்டால் அது காசாக இருப்பதைவிட ரவைக்கோதாகவோ, எறிகணைச் சிதறலாகவோ, அதைவிட மோசமான ஒன்றாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று கையளிக்கப்படாத காணிக்குள் காசுக்காக ஓரடிகூட வைக்கக்கூடாது. துருவேறிய ரவைக்கோதின் அடிப்பக்கத்தைக் காசு என்று எண்ணி என்னிடம் கொண்டுவந்தவர்கள் பலர். ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் அகலமான சிறு வட்டம், சுற்றிவர எண்களும் எழுத்துகளும், நடுவில் வட்டமான ஒரு குழி: இவை இருந்தால் அது காசன்று. மண்ணுக்குள் நீளமாக ஏதேனும் தொடர்கிறதென்றால் இழுத்துப் பார்க்காமல் அப்படியே விட்டு அறிவிக்க வேண்டும்.

சட்டமும் தோண்டுவதற்கு எதிரானதுதான். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் எனக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. ஆகவே சோழர் காசு மட்டுமல்ல, ஒல்லாந்தர் துட்டும் தொல்பொருளே. 1870 ஆம் ஆண்டுச் சதக்காசு அந்த எல்லைக்கு இப்பால் விழுகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதும், தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். கிடைத்ததைக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ தெரிவித்துவிட்டால் மனம் நிம்மதியாக மற்றதைப் பார்க்கலாம்.

தேய்க்காதீர்கள்

பதினாறு வயதில், எங்கள் கிணற்றடியில் அகப்பட்ட ஒரு செப்புக்காசைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். திருவிழாவுக்குத் துலக்கிய குத்துவிளக்குப் போல மினுங்கியது. ஒரு பக்கத்தில் ஏதோ மிருகத்தின் முதுகு வளைவு மட்டும் எஞ்சியது; அதன் கீழே இருந்த எழுத்துகள் சாம்பலோடு கழுவுப்பட்டுப் போயின. அது யாழ்ப்பாண அரசர் நந்தி பொறித்து வெளியிட்ட சேதுக்காசாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அந்த முதுகு வளைவைக் கொண்டு ஊகித்தேன். அந்த ஊகத்தைச் சரிபார்க்க இனி வழியில்லை.

செப்புக்காசின் மேல் நூற்றாண்டுகளாகப் படியும் பச்சை அல்லது கரும்பச்சைத் தோல் அழுக்கன்று. உருவமும் எழுத்தும் பெரும்பாலும் அந்தத் தோலிலேயே தங்கியிருக்கும். அடியில் உள்ள உலோகம் அரிக்கப்பட்டுக் குழிவிழுந்து போயிருக்கும். அமிலம் எதுவாயினும், தேசிக்காயோ புளியோ வினாகிரியோ, முதலில் தின்பது அந்தத் தோலைத்தான். திருநீறு, பிறாசோ, பற்பசை, மணல் எல்லாம் இதே கணக்கு. செய்யக்கூடியது ஒன்றே: பற்றரிக்கு விடும் வடித்த நீரில் (அசிட்டில் அல்ல, நீரில்) காசை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, நாளுக்கொரு முறை நீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் ஈர்க்கு நுனியால் மெல்லத் தள்ளிவிட வேண்டும். மண் போனதும் நிறுத்திவிட வேண்டும். பச்சை போகவேண்டும் என்று ஆசைப்படக்கூடாது. கடலோர மண்ணிலிருந்து வந்த காசில் வெளிர்பச்சை மாவு போல ஏதாவது உதிர்ந்து, துடைத்த பின்னும் சில நாளில் மறுபடி பூத்தால், அது உப்பினால் வரும் நோய். காசைத் தின்றுகொண்டே போகும். அப்படிப்பட்டதை மற்றக் காசுகளிலிருந்து விலக்கி, ஈரப்பதன் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்துத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நகைக்கடைக்குக் கொண்டுபோகலாம், தராசுக்காக மட்டும். உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். சீமெந்து நிலத்தில் போட்டுச் சத்தம் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நீண்டகாலம் மண்ணில் கிடந்த வெள்ளி, உள்ளே நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும், ஒரே போடில் இரண்டாகும்.

நிறை, அகலம், அடர்த்தி

எழுத்தை வாசிக்க முயலும் முன் எண்களை எடுக்க வேண்டும், ஏனெனில் எழுத்தைப் பார்த்த பிறகு கண் தான் விரும்பியதையே பார்க்கத் தொடங்கிவிடும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் நகைத்தராசில் நிறையையும், பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் வேணியர் இடுக்கிமானியால் விட்டத்தையும் தடிப்பையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு காந்தம். பொன், வெள்ளி, செம்பு, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது என்று பொருள்; பழங்காசு என்ற பேச்சை அத்தோடு நிறுத்தலாம். ஒட்டாவிட்டால் மட்டும் உண்மை என்றாகிவிடாது. பித்தளையும் நாகம் என்னும் துத்தநாகமும்கூட ஒட்டமாட்டா.

சாரடர்த்தி, அதாவது அதே அளவு நீரைவிடக் காசு எத்தனை மடங்கு கனம் என்பது, இன்னும் நல்ல சாட்சி. தராசின் மேல் ஒரு சிறு கிண்ணத்தில் நீரை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டு, காசை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலோ சுவரிலோ முட்டாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண், காசு இடம்பெயர்த்த நீரின் நிறை. காசின் நிறை 4.20 கிராம், தராசு காட்டியது 0.47 கிராம் என்றால், முதலாவதை இரண்டாவதால் வகுக்க 8.94 வரும். தூய செம்பு 8.96, ஆகவே செம்பு என்று கொள்ளலாம். வெள்ளி 10.5, ஈயம் 11.3, பொன் 19.3, மலிவான போலிகளுக்குப் பயன்படும் நாகமும் வெள்ளீயமும் 7.1, 7.3 அளவில் நிற்கும். ஆனால் ஒரு கிராம் அளவான சின்னக் காசுக்கு இந்த முறை உதவாது. நீர் 0.11 கிராம்தான் இடம்பெயரும். தராசு ஒரு நூறில் பங்கு பிழைத்தால் விடை எட்டிலிருந்து பத்துக்குத் தாவிவிடும்.

எது எந்தக் காலத்தது

உருவமே முதற்பிரிப்பைச் செய்துவிடும். வட்டமாக இல்லாமல் நீள்சதுரத் தகடாக இருந்து, ஒரு பக்கத்தில் தாமரை மேல் நிற்கும் பெண்ணும் இரு புறமும் நீர் சொரியும் யானைகளும், மறுபக்கத்தில் கம்பத்தின் மேல் சுவத்திகமும் தெரிந்தால் அது இலட்சுமித் தகடு; வடபகுதியில் கந்தரோடை போன்ற ஆதி வரலாற்றுக் காலக் குடியிருப்பு இடங்களோடு சேர்த்துப் பேசப்படுவது. கத்தரித்தது போன்ற ஓரமும், ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே குத்திய சூரியன், மரம், மலை முகடு போன்ற குறிகளும் உள்ள மூன்றரைக் கிராம் அளவான வெள்ளித்துண்டு முத்திரைக்காசு. தூண்டில் போல மடித்த வெள்ளிக்கம்பி கிடைத்தால் அதைக் காதணி என்று எறிந்துவிடாதீர்கள். பாரசீகத்தின் லார் என்ற ஊர்ப் பெயரால் லாரின் எனப்பட்டு, 16, 17 ஆம் நூற்றாண்டுகளில் இந்து சமுத்திரக் கரையெங்கும் கைமாறிய பணம் அது.

மாந்தைப் பக்கத்தில், திருக்கேதீச்சரத்தை அடுத்த பழைய துறைமுக மேட்டைச் சுற்றிக் கிடைக்கும் சின்னஞ்சிறு கருத்த வட்டங்களைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அவற்றில் பல 4, 5 ஆம் நூற்றாண்டு உரோமச் செப்புக்காசுகள். 17 மில்லிமீற்றருக்கு உட்பட்டவை, ஒன்றிரண்டு கிராம் மட்டுமே நிறை. ஒரு பக்கத்தில் முத்துப்பட்டம் கட்டிய பக்கவாட்டுத் தலை, மறுபக்கத்தில் ஈட்டியோடு நிற்கும் போர்வீரரோ, கைதியை இழுத்துச்செல்லும் வெற்றித்தெய்வமோ இருக்கும். இவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. உரோமக் காசு போதாமற் போனபோது இலங்கையிலேயே அவற்றைப் பார்த்து அடித்திருக்கிறார்கள்; எழுத்துத் தெரியாதவர் எழுத்தை வரைந்தது போல வெறும் கோடுகள் இருக்கும். அவை போலியல்ல, அக்காலத்திலேயே புழங்கிய உள்ளூர்க் காசு. அலங்கோலமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் தள்ளிவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சோழன் காசு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு சோழனுடையதல்ல. முதலாம் இராசராசன் (985–1014) வெளியிட்ட செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் அமர்ந்திருக்கும் மனிதன், அவனருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயர். சோழராட்சி போன பிறகும் பொலநறுவை மன்னர்கள் இதே அமைப்பை விடவில்லை. பெயரை மட்டும் மாற்றினார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி, சாகசமல்லன் எல்லோருடைய காசிலும் அதே நிற்கும் மனிதன், அதே அமர்ந்திருக்கும் மனிதன். ஆகவே உருவத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. அமர்ந்திருப்பவனின் இடது கைப்பக்கத்து நாகரி எழுத்தை வாசிக்க வேண்டும். சாய்ந்த வெளிச்சம் இதற்கு அவசியம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசி டோர்ச்சைக் காசின் மட்டத்துக்குப் பதித்துப் பிடித்து, காசை மெல்லச் சுழற்றினால், பகலில் வெறும் பொருக்காகத் தெரிந்த இடத்தில் எழுத்து நிழல்விட்டு எழும்பும்.

சேதுக்காசு எங்களுக்கு மிகவும் நெருங்கியது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம், மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் சேது. போலி செய்பவர்கள் அதிகம் விரும்புவதும் இதைத்தான். எழுத்தைக் கவனித்தால் சில போலிகள் அங்கேயே அகப்படும். பழந்தமிழ் எழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் தனித்தனிக் கொம்பு கிடையாது. மேலே சுழித்த இரட்டைக்கொம்பு 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு வந்தது. யாழ்ப்பாண அரசு 1619 இல் முடிந்துவிட்டது. எனவே உண்மையான காசில் எழுதியிருப்பது இன்றைய கண்ணுக்குச் ‘செது’ என்றே தெரிய வேண்டும். இன்றைய பாடப்புத்தக எழுத்தில், கொம்பு சுழித்து, அழகாகச் ‘சேது’ என்றிருந்தால், அதை வார்த்தவர் நம்மோடு ஒரே காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்.

ஒல்லாந்தர் துட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீ எழுத்தின் இரு கால்களில் ஓவும் சீயும் கோத்த, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை, கீழே ஆண்டு, மறுபக்கத்தில் கிரீடம் வைத்த மாகாணச் சின்னம். மூன்று கிராமை ஒட்டிய இந்தச் செப்புத்துட்டுகள் ஒல்லாந்து மாகாணங்களில் 1726 முதல் 1794 வரை அடிக்கப்பட்டவை; அதற்கு முந்திய ஆண்டு போட்ட துட்டைக் கண்டால் சந்தேகியுங்கள். முல்லைத்தீவில் அவர்களுக்குக் கோட்டை இருந்ததால் இவை இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. யானை பொறித்த தடித்த செப்புக்காசு 19 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பிரித்தானியருடையது. விக்டோரியா தலையும், பின்னால் பனையினத்து மரமும், பெறுமதி தமிழிலும் சிங்களத்திலும் இருப்பது 1870 ஆம் ஆண்டிலிருந்து அடிக்கப்பட்ட சதம்.

போலியின் அடையாளம் விளிம்பில்

மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கடலட்டை வியாபாரத்துக்கு வந்த யாரோ கொடுத்ததாம். உரோம வெள்ளிக்காசு, சீசரின் தலை. விறாந்தையில் வைத்துப் பார்த்தோம். தலை அழகாகத்தான் இருந்தது. நான் தலையைப் பார்க்காமல் காசைச் செங்குத்தாக நிறுத்தி விளிம்பைச் சுற்றினேன். நடுவில் தலைமயிர் அளவான ஒரு கோடு, காசைச் சுற்றிவர ஓடியது. ஓரிடத்தில் அதை அரத்தால் அராவி மறைத்த குறுக்குக் கீறல்கள். இரண்டு பாதி அச்சுக்குள் உருக்கி ஊற்றும்போது அந்த இரண்டும் சேரும் இடத்தில் வரும் கோடு அது. உரோமர் வெள்ளித்தட்டைச் சூடாக்கி இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடித்த காசின் விளிம்பில் வெடிப்பு இருக்கும், ஒட்டு இருக்காது. தராசிலும் போட்டோம்: 2.6 கிராம். அந்த வகை வெள்ளிக்காசு மூன்றரைக் கிராமை ஒட்டியிருக்க வேண்டும். தம்பி ஒன்றும் பேசாமல் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வார்ப்புக்கு வேறு அடையாளங்களும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சமதளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். உலோகம் ஆறும்போது சிக்கிய காற்றுக்குமிழ்கள் விட்டவை. எழுத்தின் ஓரம் தளத்திலிருந்து செங்குத்தாக எழும்பாமல், சவர்க்காரத்தில் அழுத்தியது போலக் கரைந்து இறங்கும். மண் அரித்த குழிக்கும் குமிழ்க்குழிக்கும் வேறுபாடு கண்டுகொள்ளச் சற்றுப் பழக வேண்டும்: அரிப்பு ஒழுங்கற்றது, இடத்துக்கு இடம் ஆழம் மாறும், உள்ளே பச்சையோ சிவப்போ தங்கியிருக்கும், குமிழ் உருண்டையானது, உள்ளே வழுவழுப்பாக இருக்கும். ஆனால் இலட்சுமித் தகடுகளில் பல அக்காலத்திலேயே வார்க்கப்பட்டவை. அவற்றில் ஒட்டுக்கோடு இருப்பது குற்றமாகாது. அங்கே தோலையும் தேய்மானத்தையும்தான் நம்ப வேண்டும்.

தேய்மானம் பொய் சொல்வது அரிது. கைமாறிய காசில் உயர்ந்த இடங்கள், அதாவது மூக்கு, கன்னம், நந்தியின் திமில், முதலில் தேயும். பள்ளங்கள் கூர்மையாக நிற்கும். தேய்ந்த காசிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் மேடும் பள்ளமும் ஒரே மழுங்கலாக இருக்கும். ஒரே வியாபாரியிடம் இரண்டு காசுகள் ஒரே இடத்தில் ஒரே கீறலோடும், நடுவிலிருந்து ஒரே பக்கம் விலகியும் இருந்தால் இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள்; அந்த வியாபாரியிடம் மூன்றாவதும் இருக்கும்.

பச்சைத் தோலையும் போலியாகப் பூசுகிறார்கள். பஞ்சுத்துண்டில் அசற்றோனை (நகப்பூச்சு அழிக்கும் திரவம் பெரும்பாலும் அதுதான்) நனைத்து ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். உண்மையான தோலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது; பஞ்சு பச்சையானால் அது பெயின்ற். இயற்கைத் தோல் உலோகத்தோடு சேர்ந்து கெட்டியாக இருக்கும், ஊசிமுனை எளிதில் இறங்காது. இதைக் காசின் முகத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

சில போலிகளுக்கு இத்தனை ஆராய்ச்சியும் தேவையில்லை. கிறிஸ்துவுக்கு முன் ஐம்பது என்று ஆண்டு பொறித்த காசு, அக்காலத்தவர் கிறிஸ்து பிறப்பதை எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள் என்றால்தான் உண்மையாகும். உரோமக் காசில் இன்றைய ஆங்கில யூ வராது. அந்த இடத்தில் வீ தான் இருக்கும். இராமர், சீதை, இலக்குவன், அனுமன் பொறித்து, மறுபக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பனி, அரை அணா, 1818 என்றிருக்கும் வில்லைகளை அந்தக் கம்பனி அடித்ததே இல்லை. பிற்காலத்தில் விற்பனைக்காக வார்த்தவை. இந்த வில்லைகளையே ‘அரிசி இழுக்கும் காசு’ என்று சொல்லி, உள்ளே இரிடியம் என்ற அரிய உலோகம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் கோடி தருவான் என்று முற்பணம் வாங்குகிறார்கள். எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. இழுத்துக் காட்டினால், அரிசியில் இரும்புத்தூளும் காசுக்கு அடியில் காந்தமும் இருக்கும். கண்ணைக் காசில் வைக்காமல் காட்டுபவரின் கையில் வையுங்கள்.

காட்டுவதற்கு முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

இத்தனைக்குப் பிறகும் முடிவு தெரியாத காசுகள் இருக்கும். அவற்றைத் தொல்பொருள் திணைக்களத்தாரிடமோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையிலோ காட்டலாம். இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் தனித்தனியே, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, ஒரு முறை இடப்பக்கத்து வெளிச்சத்திலும் ஒரு முறை மேற்பக்கத்து வெளிச்சத்திலும் படமெடுங்கள். நிறை, விட்டம், தடிப்பு எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கின்றனவா, தலைகீழாகவா என்பதையும் குறியுங்கள்.

இவை எல்லாவற்றையும் காசிலிருந்து பிறகும் எடுக்கலாம். கிடைத்த இடத்தை மட்டும் காசு சொல்லாது. எந்தக் குளம், அலைகரையின் எந்தப் பக்கம், எத்தனை அடி ஆழம், கூட ஓட்டுத்துண்டோ மணியோ எரிந்த செங்கல்லோ கிடந்ததா என்பதை அன்றே கொப்பியில் எழுத வேண்டும்; தேய்ந்து ஒன்றும் தெரியாத காசுக்குக்கூட அந்த நான்கு வரி காலம் சொல்லிக் கொடுத்துவிடும். கிறவலில் வந்த காசானால், அந்த மண் எங்கே அள்ளியது என்று டிப்பர் சாரதியிடமே கேட்டுவிடுங்கள். அடுத்த லோட் இறக்கிய பிறகு அவருக்கும் மறந்துபோகும்.